கேலரிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் எதைப் பார்ப்பது? இப்போது வேலை செய்கிற ஓவியர்கள், சிற்பிகள் பற்றிப் பேசுவோம்

பவானிக்காரன்:

வணக்கம். எனக்குத் தொழில் ஜமக்காளம். தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் தறி ஓடுகிறது. சரக்கு விஷயமாக மாதம் ஒரு தடவை சென்னைக்கு வருவேன். போன வாரம் பார்க்க வேண்டிய கடைக்காரர் வர இன்னும் ஒன்றரை மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள், சரி என்று தெருவில் நடந்தபோது ஒரு கேலரி கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று தொங்குகிறது, முழுக்க நூலும் கயிறும். நூல் என்றால் எனக்குக் கால் தானாக நின்றுவிடும். கதவு வரைக்கும் போனேன். உள்ளே ஒரு பெண் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், வேறு ஈ காக்காய் இல்லை. டிக்கெட் உண்டா, வாங்க வருகிறவர்கள்தான் போகலாமா, போனால் என்ன பேச வேண்டும், எதுவும் தெரியாமல் கைப்பிடியில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் முழுக்க அதே நினைப்பு. தாராசுரத்தில் ஒரு தூணுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கத் தெரிந்த எனக்கு, என் வயதுள்ள ஒருவர் இன்றைக்குச் செய்த வேலைக்கு முன்னால் போய் நிற்க ஏன் தைரியம் வரவில்லை?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் இப்போது வேலை செய்கிறவர்களில் யாரையெல்லாம் பார்க்க வேண்டும்? எப்படிப் பார்ப்பது? சாதாரண ஆள் உள்ளே போகலாமா? பெரிய கேள்வியாக இருந்தால் ஒவ்வொன்றாகச் சொன்னாலும் போதும்.

மஞ்சள்சுவர்:

நான் ஒரு கேலரியில்தான் வேலை செய்கிறேன், அந்த லேப்டாப் பெண் நானாகவே இருந்திருக்கலாம். அண்ணா, தயவுசெய்து அடுத்த தடவை கதவைத் தள்ளுங்கள். டிக்கெட் கிடையாது. வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் எங்களுக்கு அது நல்ல நாள். நாங்கள் தலை நிமிராமல் இருப்பதற்குக் காரணம் வருகிறவரை நிம்மதியாகப் பார்க்க விட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருப்பதுதான். அதுவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலட்சியமாகத் தெரிகிறது என்று நான் மேலதிகாரிகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் பெயர், ஆண்டு, என்ன பொருளில் செய்தது, என்ன அளவு என்று இருக்கும். சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது. விலை பெரும்பாலும் சுவரில் இருக்காது, கேட்டால் பட்டியல் தருவோம், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாங்குகிற எண்ணம் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியம், சிற்பங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

நீங்கள் சென்னைக்கு வருகிறவர் என்பதால் மூன்று இடம் சொல்கிறேன். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, அங்கே காட்சிகள் அடிக்கடி மாறும், இளையவர்கள் நிறையப் பேர் வைப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து 1966-ல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அரசு தந்த நிலம் இல்லை. உங்கள் தொழில் துணி என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கேயே சென்னை இயக்கத்து வேலைகளுக்கு, அதாவது பணிக்கர் காலத்துச் சென்னை நவீன ஓவியர்கள், சிற்பிகளின் வேலைகளுக்கு, ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் முட்டுக்காடு தட்சிணசித்ரா, அங்கேயும் கேலரி உண்டு. அருங்காட்சியகம், தட்சிணசித்ரா மாதிரி இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கும். தனியார் கேலரிகள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள்.

தேம்ஸ்கரை:

நூல், கயிறு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் லண்டனில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராகக் கண்காட்சிக்குப் போகிற பழக்கம் எனக்கு உண்டு, காலையில் கூட்டம் இருக்காது.

பவானி அண்ணா, மிருணாளினி முகர்ஜி என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1949-ல் பிறந்தவர், பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தவர். சணலைச் சாயம் தோய்த்து, தறி இல்லாமல், கையாலேயே முடிச்சுப் போட்டுப் போட்டு ஆளை விடப் பெரிய உருவங்களைச் செய்தார். தெய்வமா, பூவா, உடலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு உருவத்துக்கு மாதக் கணக்கில் ஆகும். முன்கூட்டி வரைபடம் எதுவும் இல்லை, முடிச்சு போகிற போக்கில் உருவம் வரும். அப்புறம் பீங்கானுக்குப் போனார், கடைசி ஆண்டுகளில் வெண்கலம். 2015-ல் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019-ல் நியூயார்க்கில், மெட் அருங்காட்சியகத்தின் கிளையாக இருந்த மெட் பிராயரில் பெரிய கண்காட்சி நடந்தது. 2025 அக்டோபர் கடைசியில் இங்கே ராயல் அகாடமியில் அவரையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி திறந்தார்கள்.

அவர் இப்போது இல்லை என்பது தெரியும், நீங்கள் கேட்டது இருப்பவர்களைப் பற்றி. ஆனால் இன்றைக்கு நூல், துணி, கயிறு வைத்துச் சிற்பம் செய்கிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு இவர் நினைவு வருகிறது. இந்தப் பொருளெல்லாம் கைவினை, சிற்பமாகாது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் தனியாக உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்.

பவானிக்காரன்:

சணலில் கையால் முடிச்சா! சணல் கையை அறுத்துவிடும் சகோதரி. பருத்தி நூல் தறியில் சொன்னபடி கேட்கும், நீளவாக்கில் பாவு நேராக நிற்கும், குறுக்கே ஊடை தன் வழியில் போகும். சணல் அப்படி இல்லை, அதற்கென்று ஒரு முரண்டு உண்டு. ஆள் உயரத்துக்கு முடிச்சுப் போட்டால் அதன் கனத்திலேயே கீழே இழுத்து உருவம் தொய்ந்துவிடுமே, அதை எப்படிச் சமாளித்தார்? இணையத்தில் படம் தேடிப் பார்த்தேன். படத்தில் அந்தக் கனம் தெரியவில்லை.

சாய்வுநாற்காலி:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். எனக்கு 67 வயது. சுவாமிமலைக்காரன். சின்ன வயதிலிருந்து பட்டறை வாசலில் நின்று வளர்ந்தவன். ஸ்தபதி ஒருவர் ஒரு விரலின் வளைவுக்கு அரை நாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பார்க்கும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது, அந்த முதுகுத் தசைகளைப் பாருங்கள்.

ஆனால் இப்போது கேலரிகளில் வைப்பது என்ன? வங்கதேசத்து தயேபா பேகம் லிபி சவர பிளேடுகளால் ஒரு கட்டில் செய்திருக்கிறார், அது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது. பெங்களூர் ஷீலா கவுடா மனித முடியைக் கயிறாகத் திரித்து கார் பம்பர்களைத் தொங்கவிட்டிருக்கிறார். எனக்கு இதில் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வித்தியாசமான பொருளைக் கொண்டுவந்து வைத்தால் போதும், அது சிற்பமாகிவிடும் என்றால், வாழ்நாள் முழுக்க உளி பிடித்தவனுக்கு என்ன மரியாதை? கேலரிக்குள் போகத் தயங்குகிற பவானிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த எதுவும் உள்ளே இல்லை.

மண்கரு:

சாய்வுநாற்காலி ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சிற்பி. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். 1850-ல் தொடங்கிய பள்ளி அது, நீங்கள் சொன்ன ராய் சௌத்ரி 1929-ல் அங்கே முதல்வராக வந்தவர், ஆகவே நானும் அந்த முதுகுத் தசைகளின் பேரப்பிள்ளைதான்.

ஷீலா கவுடாவின் வேலையை எடுத்துக்கொள்வோம். 2009-ல் செய்தது. ஏறக்குறைய 4,000 மீட்டர் முடிக்கயிறு, 20 கார் பம்பர்கள். அந்த முடி எங்கிருந்து வருகிறது? கோயிலில் மொட்டை போட்டுக் காணிக்கையாகக் கொடுத்த முடி. நீளமான முடி சவுரிக்கு ஏற்றுமதியாகிவிடும், குட்டையாக மிஞ்சியதைக் கயிறாகத் திரித்து, திருஷ்டி படாமல் இருக்க வண்டி பம்பரில் கட்டுவார்கள். நம் ஊரில் லாரிக்கு முன்னால் தொங்கும் கறுப்புக் கயிறு நினைவுக்கு வருகிறதா? அந்தச் சின்னக் கயிறு ஒரு பெரிய இரும்பைக் காப்பாற்றும் என்று நாம் நம்புகிறோம். அவர் அதை அப்படியே செய்து காட்டிவிட்டார்: முடியில் இரும்பு தொங்குகிறது. வேண்டுதலே பாரத்தைத் தாங்கி நிற்கிறது. இது பவானிக்காரருக்குத் தெரியாத விஷயமா? பழனிக்கோ திருப்பதிக்கோ போய்வந்த யாருக்குத் தெரியாது?

பிளேடுக் கட்டில் பற்றி. லிபி வங்கதேசத்துக் காய்பாந்தாவில் பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர். பிரசவ வீட்டில் தொப்புள்கொடி அறுக்கப் பயன்பட்டது பிளேடு என்பது அவருடைய சிறுவயது நினைவு. அவர் கடைப் பிளேடை ஒட்டவில்லை ஐயா, துருப்பிடிக்காத எஃகில் பிளேடு வடிவத்தைத் தனியாக வெட்ட வைத்து ஒவ்வொன்றாக இணைத்தார். 2012-ல் செய்த அந்தக் கட்டில் தூரத்திலிருந்து வெள்ளிச் சரிகை மாதிரி பளபளக்கும், கிட்டே போனால் உட்கார முடியாத கட்டில். பிறப்பு, படுக்கை, பெண் உடம்பு, எல்லாவற்றையும் ஒரே பொருளில் சொல்லிவிட்டார். கை அங்கே இருக்கிறது. விரலின் வளைவில் இல்லை, எந்தப் பொருளை எடுப்பது என்கிற முடிவில் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து ஒருவர்: பெனிதா பெர்சியல். நான் படித்த கல்லூரியில் படித்தவர்தான். சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு, மூலிகைப் பொடி எல்லாம் கலந்து பிசைந்து அதில் உருவம் வார்க்கிறார். 2014-ல் கொச்சி பினாலே என்கிற கலைத் திருவிழாவில் அவருடைய காட்சிக்குள் நுழையும் முன்பே வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்தது. கிறிஸ்தவ உருவங்கள், வாசனைத் திரவியம் ஏற்றிய கப்பல்கள் வந்துபோன முசிறிக் கரை, தேவாலயத்துத் தூபம், எல்லாம் மூக்கு வழியாக உள்ளே போகிறது. அந்த உருவங்கள் ஈரக் காற்றில் மாறும், வெடிக்கும், வாசனை குறைந்துகொண்டே வரும். கல்லில் செய்த சிலை போல நிலைத்திருக்க வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்ட வேலை அது. இதை போட்டோவில் எப்படிப் பார்ப்பீர்கள்?

1971-ல் பிறந்த ஆல்வார் பாலசுப்பிரமணியமும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்காரர், அவரும் இதே கல்லூரி. 2004-ல் காற்றில் கரைந்து போகிற வாசனைப் பொருளில் ஒரு வேலை வார்த்தார். கற்பூரம் போல நாளாக ஆக அதன் மேலுரு குறைந்துவிடும். ஒரு சிற்பி தன் சிற்பம் கண் முன்னால் இல்லாமல் போவதற்கு ஒப்புக்கொள்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு மனம் வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வெண்கலமும் செய்கிறேன், சுவாமிமலையில்தான் கற்றுக்கொண்டேன். வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே எடுத்து, அந்தக் குழிவில் உலோகம் ஊற்றி, அச்சை உடைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். உளி பிடித்தவனுக்கான மரியாதை எங்கேயும் போய்விடாது ஐயா.

வேலியோரம்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தியா, வங்கதேசம் எல்லாம் வந்துவிட்டது, எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கதைப்போம்.

தாமோதரம்பிள்ளை சனாதனன் இங்கே பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கிறவர். போரில் வீடு இழந்து இடம்பெயர்ந்த ஆட்களிடம் போய், நீங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவில் இருந்து கீறித் தாருங்கோ என்று கேட்டார். அவர்கள் கீறிய கோணல் மாணலான கோடுகள், அதன் மேல் ஒரு கட்டடக் கலைஞர் திருத்தமாக வரைந்த படம், அதோடு அவர் தானே வரைந்த ஒரு சித்திரம். மூன்றையும் சேர்த்து ஒரு தோம்பு மாதிரிக் கட்டினார். தோம்பு என்றால் எங்கள் பக்கத்தில் காணிப் பதிவேடு, ஒல்லாந்தர் காலத்துச் சொல். 2011-ல் வந்தது. இருந்த காணிக்கு உறுதி, அதாவது பத்திரம், தொலைந்து, வீடே இல்லாமல் போன சனத்துக்கு அவர்களின் ஞாபகமே உறுதி என்று அது சொல்கிறது. என் அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு தாள் கேட்டு வாங்கித் தன் வீட்டுக் கிணற்றடியை வரைந்து காட்டினவ. அவவுக்குப் பென்சில் பிடிக்கவே தெரியாது. அந்தத் தாள் இப்போதும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் வந்த இளைய ஆட்கள் நிறையப் பேர். ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளை வரைகிறவர். வேலி என்றால் எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. ஹேமா ஷிரோனி துணியில் ஊசி நூலால் வீடுகளைத் தைக்கிறவர். கொழும்பில் 2019 டிசம்பரில் நவீன, சமகாலக் கலைக்கு என்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், அங்கே விளக்கங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். நான் முதன்முதல் ஒரு கண்காட்சியில் எல்லாவற்றையும் தமிழில் வாசித்தது அங்கேதான். மஞ்சள்சுவர், உங்கள் கேலரிகளில் சுவரில் தமிழ் இருக்கிறதா? சென்னையில் நான் போன இரண்டு இடங்களிலும் இல்லை. பவானி அண்ணா கதவில் கை வைத்துவிட்டு எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மஞ்சள்சுவர்:

இல்லை. எங்கள் கேலரியில் தமிழில் எழுதுவதில்லை. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, அடுத்த கண்காட்சிக்காவது குறிப்பைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று இன்றைக்கே கேட்கிறேன். மொழிபெயர்ப்பை நானே செய்துவிடுவேன், அதற்குச் செலவு என்ன, ஒரு தாள்தானே.

சாய்வுநாற்காலி:

மண்கரு தம்பி, முடிக்கயிறு விஷயம் எனக்குத் தெரியாது. பம்பரில் கட்டுகிற கயிறு என்று நீங்கள் சொன்னதும் சட்டென்று விளங்கிவிட்டது. அப்படியானால் அதைச் சுவரில் ஏன் எழுதி வைக்கவில்லை என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது, வேலியோரம் அம்மா சொன்னது சரி. அந்தத் தரைப்படத்தைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வி. ஓவியம்? தூரிகை பிடித்து, நிறம் குழைத்து, மனித முகத்தை வரைகிறவர்கள் மிஞ்சியிருக்கிறார்களா?

தேம்ஸ்கரை:

நிறையப் பேர் ஐயா! 2025 மார்ச்சில் இங்கே செர்பன்டைன் கேலரியில் அர்பிதா சிங் கண்காட்சி திறந்தபோது அவருக்கு வயது 87. அறுபது ஆண்டு ஓவியம் வரைந்தவருக்கு இந்தியாவுக்கு வெளியே ஒரு பொதுக் கலை நிறுவனத்தில் நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. படத்துக்குள் பெண்கள், பூக்கள், விமானங்கள், துப்பாக்கி பிடித்த ஆட்கள், நடுவே எண்களும் எழுத்துகளும். ரோஜா நிறத்தைத் தடிப்பாக அப்பியிருப்பார். முதலில் குழந்தைகள் படம் மாதிரி சந்தோஷமாக இருக்கும், கொஞ்சம் நின்றால் ஓரத்தில் யாரோ விழுந்து கிடப்பது தெரியும். நான் மூன்று தடவை போனேன், மூன்றாவது தடவைதான் ஒரு படத்தில் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருப்பதையே கவனித்தேன்.

லாகூரையும் சொல்ல வேண்டும். அங்கே தேசியக் கலைக் கல்லூரியில் முகலாயச் சிற்றோவியத்தைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள், தரையில் உட்கார்ந்து, வஸ்லி என்கிற ஒட்டிய தாளை மடியில் வைத்து, அணில் முடித் தூரிகையால். அங்கே படித்த இம்ரான் குரேஷி 2013-ல் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் மொட்டை மாடித் தரை முழுக்கச் சிவப்பு நிறத்தைத் தெறிக்கவிட்டார். பார்த்தால் ரத்தம். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தெறிப்புக்குள்ளும் சிற்றோவியத்து இலைகளும் இதழ்களும் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். லாகூரில் குண்டு வெடித்த ஆண்டுகள் அவை. ஸ்தபதியின் விரல் வளைவு என்றீர்களே, அந்தப் பொறுமைதான் இது, ஒரு மாடி அளவுக்கு. லாகூரில் பிறந்து நியூயார்க்கில் இருக்கிற சல்மான் தூர் இன்னொருவர், 2020-ல் விட்னி அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. பச்சை விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற இளைஞர்கள். முகம்தான், முழுக்க முகம்.

மண்கரு:

சோழமண்டலத்தில் டக்ளஸ் ஐயா இருக்கிறார். தாளைக் கசக்கி ஒட்டி, மண்ணும் கரியும் பூசி, அதன் மேல் வரைகிறவர். கவிதை படித்துவிட்டு வந்து படம் போடுகிறவர். முகம் இருக்கும், ஆனால் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிரபாகர் பாச்புதே என்று மகாராஷ்டிரத்துச் சந்திரபூர்க்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த குடும்பம், சுவர் முழுக்கக் கரியாலேயே வரைவார். சுரங்கத் தொழிலாளியை வரையக் கரியை விட வேறு எது பொருந்தும்?

ஈரத்துணி:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எம்.எஃப். ஹுசைன் ஓவியம் 118 கோடி ரூபாய்க்குப் போனது என்று செய்தி பார்த்தேன். அந்தப் பணத்தில் கலைஞர்களுக்கு ஏதாவது வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வாய்தா:

நான் வழக்கறிஞர், இது என் பக்கம் என்பதால் சொல்கிறேன். அது 1954-ல் வரைந்த கிராம யாத்ரா, 13 காட்சிகள் கொண்ட நீளமான படம். 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸில் ஏலம் போனது. அதே 1954-ல் டெல்லிக்கு வந்த ஒரு மருத்துவர் வாங்கிக்கொண்டு நார்வே போய், கடைசியில் ஒஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். விற்ற பணம் மருத்துவர்களுக்கான பயிற்சிக்கு. நல்ல காரியம்தான், ஆனால் வரைந்தவர் குடும்பத்துக்கு அதில் பங்கு என்று சட்டப்படி எதுவும் இல்லை.

இந்தியாவுக்குள் விற்றால் நிலைமை வேறு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு 1994 திருத்தத்தில் வந்தது. மூல ஓவியமோ சிற்பமோ மறுபடி விற்கப்படும்போது விலை 10,000 ரூபாய்க்கு மேல் போனால் கலைஞருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். எத்தனை கலைஞர்கள் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? நான் பேசிப் பார்த்த ஓவியர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை.

சிற்பிகள் 57-ஆம் பிரிவையும் படித்து வையுங்கள். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியில் அரசின் விஞ்ஞான் பவன் மாநாட்டு அரங்குக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அவரைக் கேட்காமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பொருள் வாங்கியவருடையதாக இருந்தாலும் அதைச் சிதைக்க அவருக்கு உரிமை இல்லை. என் தொழிலில் நான் மனதார மதிக்கிற தீர்ப்புகளில் அது ஒன்று.

மண்கரு:

இதை அச்செடுத்துப் பட்டறையில் ஒட்டப் போகிறேன் சார்.

பணம் பற்றி வந்துவிட்டதால் உள்ளதைச் சொல்கிறேன். கேலரி விற்பனையில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு. அது நியாயம்தான், வாடகை, விளக்கு, ஆள், கண்காட்சிப் புத்தக அச்சு எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் சிற்பிக்கு அதற்கு முன்னாலேயே கை காலியாகிவிடும். உலோகம், ஊற்றுக்கூலி, ராவி மெருகேற்றும் கூலி, அப்புறம் மரப்பெட்டி, லாரி, ஏற்றி இறக்க ஆள். ஓவியர் கித்தானைச் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறலாம், நான் 140 கிலோவை எப்படிச் சுருட்டுவது? சில வருடம் முன்னால் ஒரு இடத்தில் என் வேலை விற்ற பிறகு பதினான்கு மாதம் பணம் வரவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் நான் வெண்கலம் தொடவில்லை, களிமண்ணிலேயே செய்து சுட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சிற்பி ஹிம்மத் ஷாவின் சுடுமண் தலைகள்தான் எனக்குத் துணை. கண் இல்லாத, வாய் இல்லாத தலைகள், ஆனாலும் நம்மைப் பார்க்கும். 2025 மார்ச்சில் அவர் இறந்த அன்றைக்குப் பட்டறையில் வேலை செய்யவில்லை.

வெண்கலம் வாங்குகிறவர்கள் அடியில் பாருங்கள். 2/8 என்று வெட்டியிருந்தால் எட்டுப் பிரதிகளில் இரண்டாவது. சுவாமிமலையில் மெழுகும் மண் அச்சும் இரண்டுமே போய்விடும், ஆகவே ஒன்று ஒன்றுதான். நாங்கள் ரப்பர் அச்சை வைத்துக்கொண்டு மெழுகை மறுபடி வார்க்கிறோம். எண் இல்லாமல் யாராவது விற்றால் கேள்வி கேளுங்கள்.

பவானிக்காரன்:

போனேன்.

நேற்று. கடைக்காரரைப் பார்க்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, நேராக அங்கே போய்க் கதவைத் தள்ளினேன். அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார், மஞ்சள்சுவர் சொன்னது நினைவுக்கு வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொங்கிக்கொண்டிருந்தது ஒரு இளம் சிற்பியின் வேலை. பெயரைக் குறித்துக்கொண்டேன், அவரைக் கேட்காமல் இங்கே போட மனமில்லை. தெருவிலிருந்து பார்த்தபோது கயிறு என்று நினைத்தது, கிட்டே போனால் கழிவு நூல். தறியில் பாவு முடியும்போது கடைசியில் ஒரு முழம் நெய்ய முடியாமல் மிஞ்சும், அதை அறுத்துப் போடுவோம், வண்டி துடைக்க மெக்கானிக் கடைக்கு எடை போட்டுப் போகும். அந்த மிச்சங்களை ஆயிரக்கணக்கில் ஒன்றோடு ஒன்று முடிந்து தொங்கவிட்டிருக்கிறார். என் வீட்டில் தினமும் கூட்டித் தள்ளுகிற சாமான். முடிச்சுகளைப் பார்த்தேன், மேலே இருப்பவை தறிக்காரர் போடுகிற முடிச்சு, கீழே வர வர வேறு மாதிரி, கற்றுக்கொள்ளாத கை போட்டது போல. வேண்டுமென்றே அப்படியா, இல்லை கை சோர்ந்துவிட்டதா தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தேன். அப்புறம் அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, ஆனால் எழுந்து வந்து என்னோடு சேர்ந்து பார்த்தார், தறி முடிச்சு எது என்று கேட்டார், பக்கத்தில் கிடந்த பார்சல் நூலில் போட்டுக் காட்டினேன். சிற்பி சனிக்கிழமை சாயங்காலம் வருவாராம், வந்தால் பேசலாம் என்றார்.

சனிக்கிழமை எனக்குப் பவானியில் ஆர்டர் அனுப்ப வேண்டியிருக்கிறது. தம்பியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன்.

சாய்வுநாற்காலி:

வாருங்கள். நானும் மகன் வீட்டுக்குச் சென்னை வருகிறேன். எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், அந்த முடிச்சை எனக்கும் காட்ட வேண்டும்.

மஞ்சள்சுவர்:

பவானி அண்ணா, நீங்கள் போனது எங்கள் கேலரி இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, பொறாமையாக இருக்கிறது. எங்கள் அடுத்த கண்காட்சிக்குத் தமிழ்க் குறிப்புக்கு அனுமதி வாங்கிவிட்டேன். பொருட்களை ஓர் இடத்தில் அடுக்கியோ தொங்கவிட்டோ செய்கிற வேலையை இன்ஸ்டலேஷன் என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம்? வேலியோரம், அங்கே என்ன எழுதுகிறீர்கள்?

வேலியோரம்:

தாபனக்கலை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவற்கலை என்றும் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் வாய்க்கு வருகிறது. உங்கள் குறிப்பை அனுப்புங்கோ, ஒருக்கா வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.